பாயின்டருக்குத் தெரியாத இரண்டு

அன்புத் தம்பிக்கு,

பாயின்டர் பாடம் தொடங்கியதிலிருந்து சி மொழியே வெறுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நட்சத்திரக் குறியை எங்கே போடுவது என்பதெல்லாம் எழுத எழுதப் பழகிவிடும். கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

பாயின்டருக்குத் தெரிந்தது ஒரு முகவரி மட்டும். அங்கே எத்தனை பைட் உனக்குச் சொந்தம் என்பது அதற்குத் தெரியாது. அந்த இடம் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறதா என்பதும் தெரியாது. இரண்டையும் நீதான் நினைவில் வைத்திருக்க வேண்டும். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி இந்த மொழியை உருவாக்கியது இயங்குதளம் எழுதுவதற்காக. ஒவ்வொரு முறையும் எல்லையைச் சரிபார்க்கும் வேலையை மொழி எடுத்துக்கொள்ளவில்லை, எழுதுகிறவரிடமே விட்டுவிட்டது.

நீளத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழையைப் படித்துப் பார். ஏராளமான இணையத் தளங்கள் நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இருந்தது அது. ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு, "நான் அனுப்பியது 64 கிலோபைட், அதைத் திருப்பி அனுப்பு" என்று கேட்டால், சர்வர் அதை நம்பி, பக்கத்தில் கிடந்த நினைவகத்தையும் அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும்கூட அதில் வெளியேற முடிந்தது. சொன்ன நீளத்தை, வந்த நீளத்தோடு ஒப்பிட்டிருந்தால் போதும்.

அதனால் மாலாக்கில் வாங்கிய நினைவக இடத்தின் பாயின்டரைத் தனியே அலையவிடாதே. அந்தப் பாயின்டர், இப்போது நிரம்பியுள்ள நீளம், வாங்கிய மொத்த அளவு, மூன்றையும் ஒரே ஸ்ட்ரக்சரில் வை. ஃபங்ஷனுக்கு அனுப்பும்போதும் அந்த ஸ்ட்ரக்சரையே அனுப்பு. ஸ்ட்ரக்சர் என்றால் மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் சேர்த்து வைப்பது என்று பாடப்புத்தகம் நிறுத்திக்கொள்கிறது. ஆனால் ஸ்ட்ரக்சர் வந்த பிறகுதான், 1973-இல், யுனிக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலையே சி-யில் திருப்பி எழுத முடிந்தது. அத்தனை பலம் அதற்கு.

அடுத்தது அந்த இடத்தின் ஆயுள். லிங்க்டு லிஸ்டை அழிக்கும்போது ஒரு நோடை ஃப்ரீ செய்துவிட்டு, அதிலிருந்தே அடுத்த நோடின் முகவரியை எடுக்காதே. முன்பே வேறொரு பாயின்டரில் எடுத்து வைத்துக்கொள். தவறாக எழுதினாலும் உன் கணினியில் பல முறை சரியாகவே ஓடும். எனக்குப் பயம் தருவது அதுதான். வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக்கிலும் இதே கவனம் வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் அது நல் தரும். அதைப் பழைய பாயின்டரிலேயே வாங்கினால், இன்னும் உயிரோடிருக்கும் பழைய இடத்தின் முகவரி தொலைந்துபோகும். இடம் கிடைத்தாலும் முகவரி மாறியிருக்கலாம். பழையதைச் சுட்டிய மற்றப் பாயின்டர்களை அதன்பின் நம்ப முடியாது.

ஒவ்வொரு மாலாக்கின் மேலும், அந்த இடத்தை ஃப்ரீ செய்யப்போவது எந்த ஃபங்ஷன் என்று ஒரு வரி கமென்ட் எழுது. அந்த வரியை எழுத முடியாமல் திணறினால் உன் வடிவமைப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள்; புரோகிராமைத் தொடாமல் தாளில் பெட்டியும் அம்பும் போட்டுப் பார்.

உன் லிங்க்டு லிஸ்ட் புரோகிராமை, நினைவகப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்டில் ஓட்டி, அது சொல்வதையும் சேர்த்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்