நடுவில் அரைக் கட்டை இறங்குவது ஏன்?

கேள்வி: மலை மந்திருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கர்நாடக சங்கீதம் கேட்டே வளர்ந்தவள் நான். கல்லூரியில் படிக்கும் என் மகள், ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினாஃபின் ‘கொரெல்லி வேரியேஷன்ஸ்’ என்ற பியானோ உருப்படியைச் சாதகம் செய்கிறாள். கீரவாணி மாதிரி போய்க்கொண்டிருந்தது, நடுவில் சுருதியே விலகிவிடுகிறது. சரியாகத்தான் வாசிக்கிறாளா? சில பகுதிகளை விட்டுவிடலாம் என்றும் சொல்கிறாள். இயற்றியவர் எழுதியதை நாம் விடலாமா?
– ஒரு வாசகி, ஆர்.கே.புரம், புதுதில்லி

பதில்: மகள் சரியாகவே வாசிக்கிறாள். சுருதி விலகுவது ராக்மானினாஃப் எழுதி வைத்தபடிதான்.

உருப்படி டி மைனரில் தொடங்குகிறது. நம் கணக்கில் இரண்டு கட்டை. காகலி நிஷாதம் வரும்போது கீரவாணியாகவும், கைசிகி நிஷாதம் வரும்போது நடபைரவியாகவும் உங்களுக்குக் கேட்கும். 13 வேரியேஷன்கள் இப்படியே போகின்றன. பிறகு ‘இன்டர்மெட்ஸோ’ என்றொரு இடம். தாளக்கட்டு தளர்ந்து, ஆலாபனைபோல விரல்கள் அலைகின்றன. அது ஓய்ந்ததும் மூலமெட்டு திரும்ப வருகிறது, ஆனால் டி ஃப்ளாட் மேஜரில். அதாவது ஒன்றரைக் கட்டையில், சங்கராபரண ஸ்வரங்களில்! 14, 15 இரண்டும் அங்கேதான். 16-இல் மறுபடி இரண்டு கட்டை. ஆதார ஷட்ஜத்தைவிட்டு அசையாத சங்கீதத்தில் ஊறிய காதுக்கு இந்த இறக்கம் தரை நழுவுவதுபோலத்தான் இருக்கும். எனக்கு இந்த உருப்படியின் உயிரே அந்த இரண்டு வேரியேஷன்களில்தான் இருக்கிறது.

உருப்படியின் பெயரில் இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லி இருந்தாலும், மெட்டு அவருடையது அல்ல. ‘லா ஃபோலியா’ என்ற பழைய ஐபீரிய மெட்டு அது. 1700-இல் வெளியான தம் வயலின் சொனாட்டாத் தொகுப்பின் கடைசி உருப்படியில் கொரெல்லி அதை விரித்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. வேரியேஷன் என்பது நம் சங்கதிபோல ஒன்றையே விதவிதமாக விரிப்பது. சங்கதியில் பல்லவி வரியின் சாகித்தியம் நிற்க, மெட்டு வளரும். இங்கே மெட்டு மறைந்துபோனாலும் அதன் அடியில் ஓடும் ஸ்வரக்கூட்டுகளின் வரிசை பெரும்பாலும் நிற்கிறது. அதனால் முதலில் மூலமெட்டின் இடது கையை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். மும்மூன்றாக எண்ணினால் 16 சுற்று. அது மனத்தில் பதிந்தபின், வலது கை எங்கே ஓடினாலும் உங்களுக்கு வழி தெரியும்.

விடுவதைப் பற்றி: 11, 12, 19 ஆகிய மூன்றையும் விடலாம் என்று ஸ்வரப்பிரதியிலேயே ராக்மானினாஃபின் அனுமதி இருக்கிறது. அவர் அதோடு நிற்கவில்லை. இந்த உருப்படியை 1931 அக்டோபர் 12 அன்று மான்ட்ரியலில் அரங்கேற்றினார். அந்த டிசம்பரில் நண்பர் மெட்னருக்கு எழுதிய கடிதத்தில், சுமார் 15 முறை வாசித்ததில் ஒன்றுதான் நன்றாக அமைந்தது என்கிறார். அவையில் இருமல் கூடினால் அடுத்த வேரியேஷனை விட்டுவிடுவாராம். ஒரு சிற்றூரில் பத்தோடு முடிந்தது, நியூயார்க்கில் 18 வரை போயிற்று. 58 வயதில், உலகமே கொண்டாடிய ஒரு கலைஞர், தம் படைப்பின்மீது இவ்வளவு நம்பிக்கை இல்லாமல் இருந்திருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். தனிப் பியானோவுக்கென்று அதன்பிறகு அவர் சொந்தமாக எதையும் இயற்றவில்லை.

மேடையில் நேரம் குறைவென்றால் அந்த மூன்றை மகள் விடட்டும். வீட்டில் இருபது வேரியேஷன்களையும் வாசிக்கச் சொல்லுங்கள், இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த அறையில் இருந்து கேட்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். 20-ஆவதன் வேகம் அடங்கியபின் வரும் ‘கோடா’ என்ற முடிவுப் பகுதி மிக மெல்லியது, கதவைத் தாண்டிக் கேட்காது.