விபத்தில் தவறு யார் மேல்? இழப்பீடு கேட்பது எப்படி?



விடியற்காலையில் சரக்கு எடுக்க வண்டியில் புறப்படுகிறவர்கள் நாம். வழியில் அடிபட்டு, எதிர்த்தரப்பு "தப்பு உங்கள் மேல்தான்" என்று சொல்லிவிட்டால், இனி இழப்பீடு ஏது என்று கைவிட்டுவிடுகிறோம். அது சரியல்ல.

நம் மண்டியில் சரக்கு எடுக்கும் மளிகைக்காரர் ஒருவர் மொபெட்டில் திரும்பும்போது லோடு வேன் மோதிக் கால் எலும்பு முறிந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, வேன் டிரைவர் முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டார். வழக்கு மளிகைக்காரர் மேலேயே பதிவாயிற்று. "ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுக் கடையைப் பார்க்கிறேன்" என்றார் அவர். நாம் தடுத்து வக்கீலிடம் அழைத்துப் போனோம். அன்றைக்குச் சிறு தொகையோடு முடிவதாகத் தோன்றும் அந்த ஒப்புதலே, இழப்பீட்டு வழக்கில் அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முதல் தகவல் அறிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. குற்ற வழக்கைப்போல் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் வேண்டியதில்லை. நம் பக்கம் நியாயம் கூடுதல் என்று தெரிந்தால் போதும். இருவர் மேலும் தவறு இருந்தால் பங்கு பிரிப்பார்கள். மொத்த இழப்பு 8 லட்சம், நம் தவறு 25 சதவீதம் என்றால் 6 லட்சம் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை:

1. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் அடிபட்ட விதம் சரியாக எழுதப்பட்டதா என்று வீட்டார் உடனே பார்க்க வேண்டும்.

2. அருகிலுள்ள கடைகளின் கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். முதல் வேலையாகக் கேட்டு வாங்குங்கள். பார்த்தவர்களின் பெயர், விலாசம் குறித்துக்கொள்ளுங்கள்.

3. நம் தரப்புப் புகாரையும் எழுத்தில் கொடுத்து ரசீது பெறுங்கள். சமாதானக் கடிதம் எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள்.

4. வருமானத்துக்கு ஆதாரம் வருமான வரிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும்தான். ஊனம் எத்தனை சதவீதம் என்பதைவிட, அதனால் சம்பாத்தியம் எவ்வளவு குறைந்தது என்பதே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் கூறியுள்ளது. மூட்டை தூக்கி, நாள் முழுதும் நின்று வியாபாரம் செய்கிறவருக்குக் கால்தானே முதல்!

5. கொடுங்காயத்துக்குத் தவறு யாருடையது என்று பாராமல் 2.5 லட்சம் பெற 164-ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் அதை ஏற்றால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். பெரிய இழப்பு உள்ளவர்கள் யோசித்துச் செய்க.

6. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். நாம் வியாபாரம் செய்யும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

அந்த மளிகைக்காரருக்குக் கால் பங்கு கழிந்து முக்கால் பங்கு கிடைத்தது. எதிர்க்கடை டீக்கடைக்காரரின் சாட்சியமும், நம் மண்டி பில்லில் இருந்த சரக்கின் எடையும் கைகொடுத்தன. பாரம் தாங்காமல் அவரே தடுமாறி விழுந்தார் என்ற வாதம் அந்த பில்லின் முன் நிற்கவில்லை.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? கடைக் கணக்குக்குச் சொன்னது விபத்துக்கும் பொருந்தும்.