இணையமும் இங்கிலீஷும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

பி.பி.ஸி.யும் பிரிட்டிஷ் கவுன்சிலும் இணையத்தின் வழியே தரும் இங்கிலீஷ் பாடங்களும் சம்பாஷணைகளும் அப்பியாசங்களும், காசு கேட்காமல், இன்று ஓர் உபாத்தியாயரின் கைபேசிக்குள் வந்து அடங்கிவிடுகின்றன. இதில் சந்தோஷப்படாதவர் யாரும் இருக்க முடியாது; ஆனால் சாதனங்களோடு கூடவே அவற்றைப் பற்றிய பிரமைகளும் பெருகி, பெற்றோரையும், சில சமயம் உபாத்தியாயர்களையுமே, வழிதவறச் செய்துவருவதால், அவற்றுள் சிலவற்றை நிதானமாகப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

நம்பிக்கை: இது முற்றிலும் புதிய வித்தை, பழைய போதனாமுறைகளுக்கு இங்கே வேலையில்லை.

உண்மை: முகம் தெரியாத ஒருவரின் குரலைத் தூரத்திலிருந்து கேட்டே இங்கிலீஷ் பயிலும் ஏற்பாட்டைப் பி.பி.ஸி. 1943-லேயே வானொலியில் தொடங்கிவிட்டது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் ஆரம்பித்த ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ ஒலிபரப்போ, ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள் தன்னை அடக்கிக்கொண்டு, சிறு சிறு வாக்கியங்களாக, சாதாரணப் பேச்சின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொண்டு, உலகச் செய்திகளையெல்லாம் சொல்லிவந்தது. இவ்வகைச் சொற்கட்டுப்பாட்டை அதற்கு வெகு காலம் முன்னரே வலியுறுத்திய மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியபோது, வங்காளத்துச் சிறுவர்களின் வாசக நூல்களில் அரிய சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் நெருங்கிக் கிடந்ததே அவர்களுடைய திணறலுக்குக் காரணம் என்று கண்டவர். 1953-இல் அவர் வெளியிட்ட, சுமார் 2,000 சொற்கள் அடங்கிய பட்டியல் இன்றும் பேசப்படுகிறது. ஒரு நூலைத் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதமாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் முதலிய அறிஞர்களின் கணிப்பு; அச்சிலிருந்து திரைக்கு மாறியதால் இந்த விதி தளர்ந்துவிடவில்லை. ஆகவே படம் அசைகிறதா, பாட்டு இனிக்கிறதா என்று பார்க்குமுன், இதில் என் மாணவனுக்குத் தெரியாத சொல் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே உபாத்தியாயரின் முதற்கடமை.

நம்பிக்கை: பிறப்பால் ஆங்கிலேயராக உள்ளவரின் காணொளியே உத்தமம், நம் ஊர் உபாத்தியாயர் வாய் திறவாமலிருப்பது நலம், திறந்தாலும் தமிழ் கலக்கலாகாது.

உண்மை: இங்கிலீஷை இங்கிலீஷிலேயே கற்பிக்க வேண்டும், அதையும் ஆங்கிலேயரே கற்பிக்க வேண்டும் என்ற கருத்துகள் வேரூன்றியதில் 1961-இல் உகாண்டாவின் மகெரேரேயில் கூடிய காமன்வெல்த் மாநாட்டுக்குப் பெரும் பங்குண்டு என்பதையும், அவற்றுக்கு ஆதாரம் போதாது என்பதையும் ராபர்ட் பிலிப்ஸன் 1992-இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டிருக்கிறார். அவருடைய வாதத்தை முழுவதும் ஏற்காதவர்களும் ஒன்றை மறுக்க முடியாது: ‘ஸ்கூல்’ என்பதைத் தமிழ்ப் பிள்ளை ‘இஸ்கூல்’ என்று சொல்லும் என்பதோ, பெயர்ச்சொல்லுக்கு முன் ‘ஏ’ போடுவதா ‘தி’ போடுவதா என்று அது தடுமாறும் என்பதோ, லண்டனில் ஒலிப்பதிவு செய்தவருக்குத் தெரிய நியாயமில்லை, அதே தடுமாற்றங்களைத் தாமும் கடந்து வந்த உபாத்தியாயருக்குத் தெரியும். காணொளியை நிறுத்தி, இரண்டு வாக்கியம் தமிழில் விளக்கி, மறுபடி ஓடவிடுகிறவர் குற்றம் எதுவும் செய்துவிடவில்லை.

நம்பிக்கை: திரையின் அடியில் ஓடும் எழுத்து சோம்பேறியின் ஊன்றுகோல்.

உண்மை: எந்தப் பாஷையின் எழுத்து என்பதைப் பொறுத்தது இது. 2009-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், டச்சு மாணவர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளில் இங்கிலீஷ் காட்சிகளைக் காட்டியபோது, கீழே இங்கிலீஷ் எழுத்தைக் கண்டவர்கள் அதே மனிதர்களின் புதிய வாக்கியங்களையும் நன்றாகக் கேட்டுணர்ந்தார்கள். டச்சு எழுத்தைக் கண்டவர்களுக்கோ புதிய வாக்கியங்களில் அது இடையூறாகவே முடிந்தது. காது கேட்பதைக் கண் உறுதிசெய்யும்போது ஒலி மனத்தில் பதிகிறது. கண் வேறு பாஷையில் லயித்துவிட்டால் காது உறங்கிவிடுகிறது. பி.பி.ஸி.யின் ஆறு நிமிஷப் பாடங்களோடு முழு எழுத்துவடிவமும் கிடைக்கிறது. அதை முதலிலேயே கொடுத்துவிடாமல், ஒரே ஒரு கேள்வியைச் சொல்லி ஒருமுறை கேட்கச் செய்து, விடையைப் பிள்ளைகள் தம்முள் விவாதித்தபின் மறுமுறை ஒலிக்கவிட்டு, மூன்றாம் முறைக்கு எழுத்தை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் காது ஏமாந்தது என்று அவர்களையே தேடச் சொன்னால், அந்த ஆறு நிமிஷம் ஒரு முழு வகுப்புக்குக் காணும்.

நம்பிக்கை: குழந்தையைத் திரைமுன் அமர்த்திவிட்டால் பாஷை தானே வந்துவிடும்.

உண்மை: பட்ரீஷியா கூல் என்ற அமெரிக்க அறிஞர் 2003-இல் வெளியிட்ட சோதனையில், ஒன்பது மாதச் சிசுக்களோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாடிப் பேசியபோது சிசுக்கள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன, அதையே திரையில் கண்டவை கற்கவில்லை. பள்ளிப் பிள்ளை சிசு அல்லவென்பது உண்மைதான். ஆயினும் பதில் பேச ஆள் வேண்டும் என்ற நியதி இருவருக்கும் பொது. செயலியில் இத்தனை நாள் தவறாமல் விளையாடினேன் என்ற கணக்கும் இத்தகையதே: நாலு விடைகளில் ஒன்றைத் தொடப் பழகிய விரல், வாக்கியத்தைத் தானே அமைக்கப் பழகிவிடாது.

நம்பிக்கை: ஆளுக்கொரு கைபேசி இல்லாத வகுப்பில் இதெல்லாம் வீண்.

உண்மை: என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய புகழ்பெற்ற பரீட்சார்த்தத்தில் கணினி ஏது, இணையம் ஏது? ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, உபாத்தியாயர் ஒரு பிரச்சினையை வகுப்பு முழுவதோடும் கேள்வி கேட்டுக் கேட்டுத் தீர்த்துக் காட்டுவார். பின்னர் அதைப் போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியே தீர்ப்பார்கள். இலக்கண விளக்கம் முன்னே வராமல், பொருளைப் பற்றிய கவலையே பாஷையை இழுத்துச் சென்றது. அதே அட்டவணை இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்துக் கரும்பலகையில் எழுத ஓர் உபாத்தியாயரின் ஒரு கைபேசி போதும். சென்னையிலிருந்து எந்த வண்டி ஏறினால் விடிவதற்குள் மதுரை சேரலாம் என்று இங்கிலீஷில் கேட்டு, உங்கள் அடுத்த வகுப்பைத் தொடங்கிப் பாருங்கள்.