கம்ப்யூட்டர் மாறிடுச்சு... கணக்கு மட்டும் ஏன் பழசாவே நிக்குது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் பலர் பழைய கம்ப்யூட்டரை மாற்றி வருகிறார்கள். மாற்றும்போது அடிக்கடி வரும் ஒரு சிக்கலையும், அதைச் சரிசெய்யும் வழியையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஒரு மகளிர் சுய உதவிக் குழுவை உதாரணமாக எடுத்துக்கோங்க. உறுப்பினர்களின் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் ஓர் ஆக்சஸ் டேட்டாபேஸ் ஃபைலில் பதிவாகிறது. மாதக் கூட்டத்துக்குத் தேவையான பட்டியலை ஒரு எக்ஸெல் ஷீட் அந்த டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் தருகிறது. புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் ரெண்டு ஃபைலையும் பென்டிரைவில் காப்பி செய்து போடுகிறார்கள். எக்ஸெல் அழகாகத் திறக்கிறது, எண்களும் தெரிகின்றன. பிரின்ட் எடுத்துக் கூட்டத்தில் கொடுத்தால், "போன வாரமே தவணை கட்டிட்டேனே அக்கா, இன்னும் பாக்கின்னு போட்டிருக்கே?" என்று ஒருவர் கேட்கிறார்.

அவர் சொல்வது சரி. பட்டியல்தான் பழையது.

இது ஏன் நடக்குது?

நீங்கள் போன் மாற்றியதை நினைச்சுப் பாருங்க. போட்டோ, தொடர்பு எண்கள் எல்லாம் புதுப் போனுக்கு வந்துவிடும். ஆனால் யுபிஐ ஆப் மட்டும் சிம்மை மறுபடி சரிபார்க்கச் சொல்லும். எக்ஸெல்லும் அப்படித்தான். ஷீட்டுக்குள் இருப்பது டேட்டாபேஸின் முகவரியும், கடைசியாக எடுத்துவந்த எண்களும் மட்டுமே. அந்த முகவரிக்குப் போய்ச் சேர உதவும் டிரைவர், இணைப்புப் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் பொதுவாகப் பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். இணைப்பு அறுந்தாலும் பழைய எண்கள் ஷீட்டில் அப்படியே நிற்கும். ஆபத்தே இதில்தான் இருக்கு. காலியாக இருந்தால் உடனே கவனிப்போம்; நிரம்பியிருந்தால் நம்பிவிடுவோம்.

தொடங்கும் முன் ரெண்டு வேலை

ஒன்று, எக்ஸெல் ஃபைலுக்கும் டேட்டாபேஸுக்கும் தனித்தனியாக ஒரு நகல் எடுத்து வைங்க. ரெண்டு, பழைய கம்ப்யூட்டரை இப்போதைக்கு யாருக்கும் கொடுத்துவிடாதீங்க. அது ஓடும் நிலையில் இருந்தால், டேட்டாபேஸ் எந்த ஃபோல்டரில் இருந்தது, இணைப்பின் பெயர் என்ன என்பதை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 1: மஞ்சள் பட்டையைப் பாருங்க

மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த ஃபைல் என்றால், எக்ஸெல் அதைப் பாதுகாப்பு நிலையில் திறக்கும். மேலே மஞ்சள் பட்டை தெரியும். ஃபைல் உங்களுடையதுதான் என்பது உறுதியானால் 'எனேபிள் எடிட்டிங்', அடுத்து 'எனேபிள் கன்டென்ட்' கொடுங்க. யார் அனுப்பியது என்று தெரியாத ஃபைலுக்கு இதைச் செய்யவே கூடாது. பிறகு 'டேட்டா' பகுதியில் 'ரிஃப்ரெஷ் ஆல்' அழுத்துங்க. பிழைச் செய்தி வந்தால் மூடிவிடாமல் போட்டோ எடுத்துக்கோங்க. எந்தப் படிக்குப் போகணும் என்பதை அந்தச் செய்திதான் சொல்லும்.

படி 2: ஃபைல் கிடைக்கவில்லை என்று வந்தால்

"பழைய கம்ப்யூட்டரிலும் டெஸ்க்டாப்பில்தான் வெச்சிருந்தேன், இதிலும் அங்கேதான் இருக்கு" என்பீர்கள். ஆனால் டெஸ்க்டாப்பின் முழு முகவரியில் கம்ப்யூட்டர் பயனர் பெயரும் சேர்ந்திருக்கும். பயனர் பெயர் மாறினால் முகவரியும் மாறிவிடும். பென்டிரைவுக்கும் இதே கதைதான். அங்கே 'இ' டிரைவாக இருந்தது இங்கே 'எஃப்' ஆகலாம்.

தீர்வு: 'டேட்டா', 'கெட் டேட்டா', 'டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ்' என்று வரிசையாகப் போய் 'சேஞ்ச் சோர்ஸ்' மூலம் புது இடத்தைக் காட்டுங்க. உங்கள் இணைப்பு அங்கே தெரியாவிட்டால் அது பழைய முறையில் செய்த இணைப்பாக இருக்கலாம். 'க்வெரிஸ் அண்ட் கனெக்‌ஷன்ஸ்' திறந்து, இணைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்டீஸ்' உள்ளே 'டெஃபினிஷன்' பக்கத்தில் முகவரியை மாற்றலாம்.

படி 3: புரொவைடர் அல்லது டிரைவர் பதிவாகவில்லை என்று வந்தால்

டிரைவர் என்பது எக்ஸெல்லுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே இருக்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. அதில் 32 பிட், 64 பிட் என்று ரெண்டு வகை உண்டு. பலர் தடுமாறுவது இங்கேதான். டிரைவர் பொருந்த வேண்டியது விண்டோஸோடு இல்லை, எக்ஸெல்லோடு. 64 பிட் விண்டோஸில் 32 பிட் எக்ஸெல்லும் ஓடும். ஆபீஸ் 2019 முதல் தானாக நிறுவப்படுவது 64 பிட் வகை. அதனால் பழைய கம்ப்யூட்டரில் 32 பிட் இருந்து, புதியதில் 64 பிட் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

'ஃபைல்', 'அக்கவுன்ட்', 'அபவுட் எக்ஸெல்' என்று போனால் முதல் வரியிலேயே எத்தனை பிட் என்று இருக்கும். அதே வகை டிரைவரை, அந்த டேட்டாபேஸை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்க. ஆக்சஸ், எஸ்கியூஎல் சர்வர் என்றால் மைக்ரோசாஃப்ட் தளம்.

படி 4: 'டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால்

பழைய கம்ப்யூட்டரில் யாரோ ஓர் இணைப்புப் பெயரை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் ஃபைலோடு வராது. விண்டோஸ் தேடலில் 'ஓடிபிசி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 32 பிட், 64 பிட் என ரெண்டு கருவிகள் வரும். உங்கள் எக்ஸெல் எந்த வகையோ அதைத் திறந்து, பழைய பெயரையே ஓர் எழுத்துகூட மாறாமல் கொடுத்து உருவாக்குங்க. 'யூசர்' பகுதியில் செய்தால் உங்கள் லாகினுக்கு மட்டும் கிடைக்கும். பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் 'சிஸ்டம்' பகுதியில் செய்யணும்.

படி 5: அனுமதி மறுப்பு என்று வந்தால்

டேட்டாபேஸ் வேறொரு சர்வரில் இருந்தால் பயனர் பெயர், பாஸ்வேர்டை மறுபடி கொடுக்கணும். அது சரியாக இருந்தும் மறுத்தால், சர்வரில் பழைய கம்ப்யூட்டரின் ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி இருக்கலாம். மைஎஸ்கியூஎல் போன்றவற்றில் அப்படி அனுமதி கொடுக்கும் வசதி உண்டு. சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் புதுக் கம்ப்யூட்டரின் முகவரியைச் சேர்க்கச் சொல்லுங்க.

பிழைச் செய்தி நின்றால் போதுமா?

போதாது. மூன்றைச் சரிபாருங்க: பட்டியலில் கடைசிப் பதிவின் தேதி, மொத்த வரிகளின் எண்ணிக்கை, மொத்தத் தொகை. மூன்றும் டேட்டாபேஸோடு பொருந்தணும். இன்னும் உறுதி வேணுமா? கடைசியாகத் தவணை கட்டிய ஒருவரின் ரசீதைக் கையில் வைத்து, அவர் பெயருக்கு நேரே உள்ள பாக்கியை ஒப்பிடுங்க. இதெல்லாம் சரியான பிறகே பிரின்ட் எடுக்கலாம், பழைய கம்ப்யூட்டரையும் விடலாம். விடும் முன் அதிலுள்ள கணக்குகளை முழுசா அழிச்சிடுங்க.

போனில் பார்ப்பவர்களுக்கு: குழுவில் வரும் எக்ஸெல் ஃபைலை போனில் திறந்தால், அனுப்பியவர் கடைசியாகச் சேமித்த எண்கள்தான் தெரியும். போன் ஆப் அந்த டேட்டாபேஸுக்குப் போய்ப் புது எண்களை எடுத்துவராது. ஆகவே ஷீட்டின் மேலே 'இந்தத் தேதி வரை' என்று எழுதி அனுப்பும் பழக்கம் நல்லது.

ஓர் எச்சரிக்கை: "நான் சரிசெஞ்சு தரேன், இந்த ஆப்பை இறக்குங்க" என்று முன்பின் தெரியாதவர் சொன்னால், உங்கள் ஸ்கிரீனை அவர் கையில் கொடுக்காதீங்க, ஓடிபி சொல்லாதீங்க. அந்த டேட்டாபேஸில் இருப்பது பத்துப் பேரின் பெயரும் போன் எண்ணும் வங்கிக் கணக்கும். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இந்த மாதக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு முறை 'ரிஃப்ரெஷ் ஆல்' அழுத்திப் பாருங்க. கட்டிய பணம் கணக்கில் ஏறியிருக்கா என்று தெரிஞ்சிக்க ஒரு நிமிஷம் போதும்.