1080 பிக்சலுக்கு எதற்கு டிஎஸ்எல்ஆர்?

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. கூத்துப் படங்களை எடுத்து இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கடையில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. எந்தக் கேமராவில் எடுத்தாலும் கடைசியில் 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கிவிடும், போன் திரையில் பார்க்கப்போகும் படத்துக்கு எதற்கு டிஎஸ்எல்ஆர் என்றாராம். இந்த வாதத்தைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. கணக்கு சரி, முடிவு தவறு. இப்படிப்பட்ட வாதங்கள்தான் வேகமாகப் பரவும்.

முதலில் கணக்கு. நிக்கான் டி3500, கேனான் 1500டி இரண்டும் 2018இல் வந்தவை. இரண்டும் தருவது 6000 × 4000 பிக்சல், அதாவது 2 கோடியே 40 லட்சம். இன்ஸ்டாகிராமில் நீ போடும் நிமிர்ந்த படம் 1080 × 1350. பெருக்கிப் பார், 15 லட்சம்கூட வராது. பதினாறில் ஒரு பங்குதான் பார்ப்பவர் கண்ணுக்குப் போகிறது. இதுவரை கடைக்காரர் சொன்னதில் பிழையில்லை.

ஆனால் மற்ற பதினைந்து பங்கும் குப்பைக்குப் போகிறது என்று நினைக்கிறாரே, அங்கேதான் தவறுகிறார். கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தை 4:5 விகிதத்துக்கு வெட்டினால் 4000 × 5000 மிஞ்சும். அதை 1080 × 1350 ஆக்கும்போது ஏறக்குறைய பதினான்கு பிக்சல்கள் கலந்து ஒரு பிக்சலாகின்றன. சென்சாரின் நாய்ஸ் ஒவ்வொரு பிக்சலிலும் தன்போக்கில் கூடும், குறையும். பதினான்கைச் சராசரி எடுக்கும்போது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, நாய்ஸ் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த படத்தைக் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, புள்ளிபுள்ளியாக இருக்கிறதே என்று மனம் உடைந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே படம் போனில் சுத்தமாக இருக்கும். லேசான கைநடுக்கமும் அப்படித்தான். மூன்று பிக்சல் அகலத்துக்கு இழுபட்ட விளிம்பு, சுருங்கியபின் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதனால் இணையத்துக்கு எடுப்பவன் அச்சுக்கு எடுப்பவனைவிடத் துணிந்து ஐஎஸ்ஓவை ஏற்றலாம். சுருங்குவது உனக்குச் சாதகம் தம்பி, பாதகமில்லை.

படம் எங்கே போய்ச் சேரப்போகிறதோ அந்த இடம்தான் கேமராவை முடிவு செய்கிறது என்பது என் நெடுநாளைய எண்ணம். இதைச் சொல்ல வரும்போதெல்லாம் எனக்கு லின்னேயஸ் டிரைப் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார். வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்லியிருப்பேன், ஆனால் போதுமான அளவு சொல்லியிருக்க மாட்டேன். சென்னை ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றி எடுத்தார். பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருடைய நெகட்டிவ். நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி அன்று நடைமுறையில் இல்லை. நெகட்டிவை அச்சுக் காகிதத்தோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டுவார்கள். நெகட்டிவ் என்ன அளவோ படமும் அதே அளவு. ஒன்றேகால் அடி நீளத்தில் படம் வேண்டுமென்றால் ஒன்றேகால் அடி நெகட்டிவ் வேண்டும், அதைத் தாங்கும் பெட்டி வேண்டும், பெட்டியைச் சுமக்க மாட்டுவண்டியும் ஆட்களும் வேண்டும். ஆல்பத்தின் பக்கம் எவ்வளவு பெரிது என்பதே அவர் எவ்வளவு பெரிய கேமராவோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் எடுத்ததை நீ அவசியம் பார்க்க வேண்டும். ஒரே படத்தில் அந்தச் சுவர் அடங்காது. சுவரை ஒட்டியே கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். எழுத்தைப் படிக்க முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம். நோக்கம் அதுவென்றால் அளவை விட்டுக்கொடுக்க முடியாது. இன்றைய போன் பனோரமாவுக்கு அவரைத் தாத்தா என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது போதவில்லை. பார்க்கப்போகிறவனை முதலில் நினைத்து, பிறகு கேமராவை வைத்தார் என்பதுதான் அவரிடம் படிக்க வேண்டியது. இன்னொன்றும் சொல்கிறேன். காகித நெகட்டிவில் எடுத்தால் அச்சில் வானம் வெறும் வெளுப்பாகத்தான் விழும். அவர் நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். எடிட் செய்தால் அது உண்மையான படமா என்று சண்டைக்கு வரும் உன் நண்பர்களிடம் இதைச் சொல். 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்ல்ஸ் டிரெவெல்யன் இந்தப் புகைப்பட வேலையை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்திவிட்டார். படங்கள் தப்பின. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. தேடினால் இணையத்திலேயே நிறைய கிடைக்கும். ஓர் இரவு உட்கார்ந்து பார். கேமரா வாங்குவதற்கு முன்பே பார்.

உன் படம் போய்ச் சேரும் இடம் உள்ளங்கை அளவுத் திரை. அப்படியானால் பெரிய கேமரா தேவையில்லை என்றுதானே ஆகிறது என்று கேட்பாய். பிக்சலுக்காக என்றால் தேவையே இல்லை. ஆனால் நீ எடுப்பது கூத்து. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடப்பது. நாலைந்து விளக்குதான் வெளிச்சம். வேஷக்காரர் கிரீடமும் புஜகீர்த்தியுமாகச் சுழன்று ஆடுகிறார். அங்கே உனக்குத் தட்டுப்பாடு வெளிச்சம்தான். எவ்வளவு வெளிச்சம் உள்ளே வந்தது என்பதை எந்தத் திரையும் பிறகு சரிசெய்து தராது.

இப்போது கவனமாகப் படி. விலை உயர்ந்த பல போன்களில் இருக்கும் பெரிய சென்சார் ஏறக்குறைய 9.8 × 7.3 மில்லிமீட்டர். டி3500இன் சென்சார் 23.5 × 15.6. பரப்பில் ஐந்து மடங்கு. கேட்டவுடன் கேமரா ஜெயித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்தப் போனின் லென்ஸ் எஃப் 1.8. கேமராவோடு பெட்டியில் வரும் 18-55 கிட் லென்ஸ், 55க்கு ஜூம் செய்தால் எஃப் 5.6. ஒரே பரப்பில் போன் லென்ஸ் விடும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் அது விடும். ஐந்து மடங்கு லாபம், பத்து மடங்கு நஷ்டம். நீ மேடைக்கு நெருங்கிப் போய்ப் போனில் எடுக்கும் அதே சட்டகத்தை, தள்ளி நின்று கிட் லென்ஸில் 55இல் எடுத்தால், அதே ஷட்டர் வேகத்தில் உன் டிஎஸ்எல்ஆர் வாங்கும் மொத்த வெளிச்சம் போன் வாங்குவதில் பாதி! 18இல் வைத்தால் எஃப் 3.5 கிடைக்கும், அப்போது கேமரா கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான். போதாததற்கு, போன் ஒரு படத்துக்குப் பல சட்டகங்களை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. டிஎஸ்எல்ஆர் வாங்கியவர்கள் ஒரு மாதத்தில், போனே பரவாயில்லை என்று கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதற்குக் காரணம் இதுதான். குற்றம் கேமராவின் மேல் இல்லை, அந்த லென்ஸின் மேல்.

லென்ஸை மாற்றிப் பார். நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8 என்று ஒரு சின்ன பிரைம் லென்ஸ் 2009இலிருந்து இருக்கிறது. அதைப் போட்டால் போனைவிட ஐந்து மடங்கு வெளிச்சம் முழுசாகக் கையில் நிற்கும். கிட் லென்ஸில் 1/25 நொடி வைக்க வேண்டிய இடத்தில் 1/250 வைக்கலாம். 1/25இல் சுழலும் கை வெறும் தீற்றலாக விழும். 1/250இல் விரலும் தெரியும், விரலில் பூசிய அரிதாரமும் தெரியும். போனும் இங்கே திணறும். பல சட்டகங்களைச் சேர்க்கும் அதன் வித்தை நின்றுகொண்டிருக்கும் கோபுரத்துக்கு நன்றாக வேலை செய்யும், ஆடுகிற மனிதருக்கு அவ்வளவாகச் செய்யாது. பின்னணி மங்குவதும் அப்படித்தான். கிரீடத்தின் கண்ணாடிச் சில்லு ஓரங்களில் போனின் போர்ட்ரெயிட் மோடு தடுமாறுவதை நீயே பார்த்திருப்பாய். லென்ஸ் தருகிற மங்கல் ஓரத்தைத் தேடி வெட்டுவதில்லை. 1080 பிக்சலிலும் இந்த வித்தியாசம் அப்படியே தெரியும்.

35 மி.மீ. லென்ஸ் இந்தச் சென்சாரில் பழைய பிலிம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழச் சமம். புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் வாழ்நாளில் பெரும்பாலும் பயன்படுத்தியது 50தான். ஜூம் இல்லையே என்று புலம்பாதே. காலால் நகர்ந்து எடு.

நல்ல படத்தை எடுத்துவிட்டு, போகிற வழியில் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். கேமரா மெனுவில் கலர் ஸ்பேஸ் என்று ஒன்று இருக்கும், அதில் எஸ்ஆர்ஜிபியை வை. அடோபி ஆர்ஜிபி உயர்ந்தது என்று யாரோ சொல்லக் கேட்டு அதை வைத்தவர்களின் படங்கள் பல செயலிகளில் சோகை பிடித்தாற்போல் வெளிறித் தெரியும். அது அச்சுக்காக 1998இல் வந்தது, உனக்கு வேண்டாம். அடுத்து, இணையத்துக்கு 72 டிபிஐ வைத்துத்தான் சேமிக்க வேண்டும் என்ற அந்தப் பொய். தயவுசெய்து இதை இனி யாருக்கும் சொல்லாதே, யாராவது சொன்னால் மறுத்துப் பேசு. 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷ் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள் இருந்தன, அச்சுக்கோப்பின் பாயின்ட் அளவோடு பொருந்தட்டும் என்பதற்காக. அந்த எண் நாற்பது வருடங்களாகப் பாடப்புத்தகங்களில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. 1080 பிக்சல் படத்தில் 72 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் திரையில் ஒரே படம்தான். அது அச்சடிப்பவருக்கு எழுதும் குறிப்பு. படத்தை 1080 அகலத்துக்கு நீயே சுருக்கி, லேசாக ஷார்ப்பன் செய்து ஏற்று. அந்த வேலையை இன்ஸ்டாகிராமிடம் விட்டால் அது தன் இஷ்டத்துக்குத்தான் செய்யும்.

கேமராவிலிருந்து போனுக்குக் கொண்டுவருவது தொல்லையா என்றும் கேட்டிருந்தாய். டி3500இல் வைஃபை இல்லை, புளூடூத்தில் ஸ்னாப்பிரிட்ஜ் செயலி வழியாக 2 மெகாபிக்சல் படங்களைத் தானே அனுப்பும். படுக்கைவாட்டுப் படத்தை வெட்டாமல் போட அதுவே தாராளம். நிமிர்ந்த படத்துக்கும் பெரிதாகக் குறை தெரியாது. ஆனாலும் கூத்துக்கு ரா (RAW) கோப்பாக எடு, மறுநாள் கணினியில் உட்கார்ந்து பார். மஞ்சள் பல்பும் வெள்ளை எல்இடியும் கலந்த மேடையில் முகத்தின் நிறத்தை மீட்க ராவை விட்டால் வழியில்லை. விடிய விடிய நூற்றுக்கணக்கில் எடுப்பாய், போட வேண்டியது ஆறோ ஏழோ. அந்தப் பொறுக்கி எடுக்கும் வேலைக்குப் பொறுமை உண்டா என்று உன்னையே கேட்டுக்கொள். எடுத்த நிமிடமே போட்டாக வேண்டும் என்று கை பரபரக்கும் என்றால் கேமரா வாங்காதே. உன் போன் உனக்குப் போதும், அதில் குறைவொன்றும் இல்லை.

வாங்குவதென்றால் பழையதாக வாங்கு. நிக்கான் டி3500ஐ நிறுத்திவிட்டது. நிறுவனங்களின் கவனமெல்லாம் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. அதனால் விற்பவர்கள் நிறைய, விலையும் இறங்கியிருக்கிறது. ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று பார்க்கச் சொல். லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று பார், நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் பிடிக்கும். டி3500இன் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. 1.8டி லென்ஸை வாங்கிவிடாதே, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டிவரும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருப்பதைக் கேள். கேனானில் இந்தச் சிக்கல் இல்லை, 50 மி.மீ. எஸ்டிஎம் போதும், சட்டகம் மட்டும் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். கிட் லென்ஸ் வேண்டாம் என்று சொல்லி அதற்குரிய காசைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசு.

ஆக, உனக்கு என் பதில்: உடலையும் 35 மி.மீ. லென்ஸையும் வாங்கு, கிட் லென்ஸோடு மட்டும் வாங்காதே. முதல் கூத்து முடிந்ததும் நீயே பொறுக்கிய மூன்று படங்களை எனக்கு அனுப்பு. வாட்ஸ்அப் என்றால் டாக்குமென்டாக அனுப்பு, சுருக்காமல் வரட்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்