கரிப்பெட்டியும் கதிரவனும்

நிலம், நீர், தீ, வளி, விசும்பு என ஐம்பூதங்களை வகுத்துரைத்த நம் முன்னோர், காற்றினைத் திசைதோறும் பெயரிட்டு அழைத்தனர். தெற்கினின்று வருவது தென்றல். வடக்கினின்று வருவது வாடை. கிழக்கினின்று வீசுவது கொண்டல். மேற்கினின்று வீசுவது கோடை. நமக்கோ அந்நான்கு பெயர்களும் மறந்துபோக, ‘காற்று மாசு’ என்னும் தொடரே நாள்தோறும் வாயில் வழங்குவதாயிற்று.

சேலத்தினின்று இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமீது ஏறுவோர் பெரும்பாலும் நல்ல காற்றை நாடியே ஏறுகின்றனர். காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த ஏற்காடு, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வூரின் நடுவே சாலைகள் கூடும் ஒண்டிக்கடையில், கோடை விழா நாட்களில் ஊர்திகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு புகை கக்கி நிற்கும். தூய காற்றைத் தேடி வந்தவர்களே தீய காற்றையும் உடன் கொண்டுவருதல் வியப்பன்றோ! மலையுச்சியின் நிலையே இதுவாயின், சமவெளி நகரங்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

புகையில் கண்ணுக்குத் தெரியும் கருமையைக் காட்டிலும் தெரியாத நுண்துகளே கொடியது. 2.5 மைக்ரானும் அதனினும் சிறியனவுமாகிய துகள்கள், நம் தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கினவே. இவை மூக்கின் காவலைக் கடந்து நுரையீரலின் அடியறை வரை சென்று தங்குகின்றன. வெளிக்காற்றின் மாசும் வீட்டுப் புகையும் சேர்ந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ எழுபது இலட்சம் உயிர்களை முன்கூட்டியே கவர்கின்றன என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. பெரியோரினும் குழந்தைகள் விரைந்து மூச்சு வாங்குவர். அவர்தம் நுரையீரலும் வளர்ந்து முற்றுப்பெறாதது. ஆகவே இவ்வழக்கில் முதல் வாதிகள் குழந்தைகளே.

வாதிகள் என்றது வெறும் உவமையன்று. 2015ஆம் ஆண்டில் தில்லியைச் சேர்ந்த கைக்குழந்தைகள் மூவரின் பெயரால், நல்ல காற்றை மூச்சிழுக்கும் உரிமை வேண்டி உச்ச நீதிமன்றத்தில் மனு அளிக்கப்பட்டது. பேசவும் அறியாத அம்மழலைகளுக்காகத் தந்தையரே வழக்காடினர். 2018 அக்டோபரில் வந்த தீர்ப்பு, புகை குறைந்த வெடிகளையே விற்கலாம் என்றும், தீபாவளியன்று இரவு இரண்டு மணி நேரமே அவற்றை வெடிக்கலாம் என்றும் வரையறுத்தது. தமிழர் தீபாவளியை வைகறையிலேயே கொண்டாடுபவராதலின் நம் மாநில அரசு முறையிட்டது; நீதிமன்றமும் இசைந்தது. அவ்வாண்டு காலையில் ஒரு மணியும் மாலையில் ஒரு மணியுமாக நேரம் பகிர்ந்தளிக்கப்பட்டது.

வழக்கு மன்றத்தின் வழி ஒன்று; சிந்தனையின் வழி மற்றொன்று. பின்னதற்குச் சான்று தேட நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, கார்த்திகைத் தீபத்தால் புகழ்பெற்ற திருவண்ணாமலையில் வாழ்ந்தவர் வினிஷா உமாசங்கர் என்னும் பள்ளிச் சிறுமி. தம் தெருவில் துணி தேய்க்கும் தொழிலாளர் ஒருவர் எரிந்து தீர்ந்த கரியைக் குப்பையிற் கொட்டுவதை அவர் கண்டார். அப்பொழுது அவர்க்கு வயது பன்னிரண்டு. அக்காட்சியை அத்தெருவில் எத்தனையோ பேர் நாள்தோறும் கண்டிருப்பர், கண்டும் கடந்திருப்பர். அச்சிறுமியோ நின்று எண்ணினார்.

ஒரு தேய்ப்பு வண்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ கரி வேண்டும் என்று அவர் அறிந்தார். ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை எனக் கொள்ளின், ஒரு வண்டிக்கு 1,500 கிலோ ஆகிறது. இந்தியாவில் இத்தகைய வண்டிகள் ஒரு கோடி இருக்கலாம் என்பது அவரது மதிப்பீடு. கரியோ தானே விளைவதன்று. மரத்தை மூட்டமிட்டு எரித்தே அதனைப் பெறுகிறோம். நம் நாட்டில் இராமநாதபுரம், சிவகங்கை முதலிய மாவட்டங்களில் சீமைக் கருவேல மரங்களை வெட்டிக் கரிமூட்டம் போடுதலைக் காணலாம். ஆக மூட்டத்தில் ஒருமுறையும் பெட்டியில் ஒருமுறையுமாக அம்மரம் இருமுறை புகைகிறது. வார்ப்பிரும்புப் பெட்டியின் மேல் நாளெல்லாம் குனிந்து நின்று அப்புகையை முதலில் இழுப்பவரும் அத்தொழிலாளரே.

“கரியை ஒழியுங்கள்” என்று அவரிடம் கூறுதல் எளிது. ஆயின் அவர்தம் அடுப்பும் அதனோடு அணைந்துவிடுமே! இச்சிறுமியின் அறிவுக்கூர்மை இவ்விடத்தேதான் புலப்படுகிறது. மிதிவண்டிபோல் ஓட்டிச் செல்லத்தக்க மூன்று சக்கர வண்டி ஒன்றை அவர் வரைந்தார். அதன் கூரைமேல் சூரிய ஒளித் தகடுகள். அவை தரும் மின்சாரத்தால் நீராவித் தேய்ப்புப் பெட்டி சூடேறும். ஐந்து மணி நேர வெயில் ஆறு மணி நேர வேலைக்குப் போதுமானது. மிகுந்த மின்சாரம் மின்கலத்தில் சேமிக்கப்படும். மழைநாளில் மின்னிணைப்பைக் கொண்டும் வேலை நடத்தலாம். வீடு தேடிச் சென்று துணி பெறுதலும், வழிப்போக்கரின் கைப்பேசிக்கு மின்னூட்டிச் சிறுபொருள் ஈட்டுதலும் இவ்வண்டியால் இயலும். புகையை நீக்கப் புகுந்தவர் வருவாயையும் பெருக்க வழி கண்டார் என்பதே இதன் தனிச்சிறப்பு என்பேன்.

2019இல் அப்துல் கலாம் பெயரால் வழங்கப்படும் இக்னைட் விருது இவ்வெண்ணத்திற்குக் கிடைத்தது. அவ்விருதை வழங்கும் தேசியப் புத்தாக்க நிறுவனத்தாரே மாதிரி வண்டியைச் செய்யவும் துணைநின்றனர். அடுத்த ஆண்டு சுவீடன் நாட்டின் சிறுவர் காலநிலைப் பரிசு வந்தது. 2021இல் இங்கிலாந்து இளவரசர் வில்லியம் நிறுவிய எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுப் பதினைவருள் இவரும் ஒருவரானார். காற்றுத் தூய்மைக்குரிய அப்பரிசு, அறுவடைக் கழிவை வயலில் எரியாமல் எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றும் கருவி கண்ட மற்றோர் இந்தியர்க்கே சென்றது. எனினும் அவ்வாண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரில் கூடிய உலகக் காலநிலை மாநாட்டில் பேசும் வாய்ப்பு வினிஷாவுக்கு வாய்த்தது. தலைவர்களின் வெற்று உறுதிமொழிகளால் தம் தலைமுறையினர் சினமுற்றிருப்பதை அவர் எடுத்துரைத்தார். தமக்கோ சினத்திற்குப் பொழுதில்லை, செயலே வேண்டும் என்றார். தாம் இந்தியாவின் சிறுமி மட்டுமல்லர், இப்புவியின் சிறுமி என்றும் கூறினார். பெரியோர் காலந்தாழ்த்தினும் தாங்கள் தாழ்த்தப்போவதில்லை என்று அவர் சொன்னபொழுது அவையினர் கைதட்டினர்.

கைதட்டல் வண்டியைத் தெருவிற்குக் கொண்டுவராது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரி வாங்கும் தொழிலாளர், தகடும் மின்கலமும் பூட்டிய வண்டிக்கு ஒரேமுறையில் பெரும்பொருள் கொடுத்தல் அரிது. கூட்டுறவுச் சங்கமோ வங்கியோ தவணைக் கடன் அளித்தாலன்றி இது கைகூடாது. சில ஊர்களில் மின்பெட்டியும் எரிவாயுப் பெட்டியும் வந்துவிட்டன. ஏனைய தெருக்களில், விசிறியால் வீசப்பெற்று, அக்கரிப்பெட்டி இன்னும் கனன்றுகொண்டுதான் இருக்கிறது.