எந்தக் கணினி சிறந்தது?

முன்னுரை

மாணவச் செல்வங்களே! மனிதன் தன் கைத்தொழிலுக்குத் துணையாகக் கண்ட கருவிகள் பலவாகும். தன் அறிவுத் தொழிலுக்குத் துணையாகக் கண்ட கருவிகளுள் தலையாயது கணினியே எனலாம். ஒரு காலத்தில் பெரிய அறைகளை அடைத்துக்கொண்டு, அரசாங்கத்திற்கும் பெரு நிறுவனங்களுக்கும் மட்டுமே பயன்பட்ட அக்கருவி, 1970களின் பிற்பகுதியில் தனி மனிதரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. வந்த நாள் முதலாகவே, "எந்தக் கணினி சிறந்தது?" என்னும் வழக்கும் உடன் வந்துவிட்டது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததையும், பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்தின் வழி நடந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பயன்படுத்திய இல்லங்கள் உண்டு. அன்று முதல், "பிள்ளைக்கு எந்தக் கணினி வாங்குவது?" என்னும் கேள்வி தோட்டத்து வீடுகளிலும் எழலாயிற்று. பெற்றோர் பல மாதம் சேர்த்த பணம் அதில் அடங்கியிருக்கிறது. ஆதலின், அக்கேள்வியைப் பட்டிமன்ற முறையில் இரு கட்சியாரின் வாதங்களையும் கேட்டு, நடுவுநிலையோடு ஆராய்வோம்.

இரு கட்சிகளும் தோன்றிய வரலாறு

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரிலிருந்த மிட்ஸ் என்னும் நிறுவனம் 'ஆல்ட்டேர் 8800' என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முன்புறத்திலுள்ள சிறு பொத்தான்களை மேலும் கீழும் தள்ளியே கட்டளை இட வேண்டும். விடையைச் சிறு விளக்குகளின் ஒளியைக் கொண்டே அறிய வேண்டும்.

1977ஆம் ஆண்டில் ஆப்பிள் 2, கமடோர் பெட், டி.ஆர்.எஸ். 80 ஆகிய மூன்று கணினிகள் வெளிவந்தன. அவை கடையில் வாங்கி, வீட்டில் வைத்து உடனே இயக்கத்தக்கவை. 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கென 'விசிகால்க்' என்னும் கணக்கு மென்பொருள் வந்தது. ஓர் எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த எல்லா எண்களும் தாமே மாறிவிடும். அந்த ஒரு வசதிக்காகவே வணிகர் பலர் ஆப்பிள் 2 கணினியை வாங்கினர். மக்கள் விலை கொடுத்து வாங்குவது பெட்டியை அன்று. அது செய்து தரும் வேலையையே என்னும் உண்மை அப்போதே புலனாயிற்று.

பெரிய கணினிகளுக்குப் புகழ்பெற்ற ஐ.பி.எம். நிறுவனம், 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் தன் தனியாள் கணினியை அறிமுகப்படுத்தியது. அதன் தொடக்க விலை 1,565 அமெரிக்க டாலர். விரைவில் செய்து முடிக்க வேண்டியிருந்தமையால், அந்நிறுவனம் எல்லா உறுப்புகளையும் தானே செய்யவில்லை. கணிக்கும் சில்லினை இன்டெல் நிறுவனத்திடமிருந்தும், 'டாஸ்' என்னும் இயங்குதளத்தை மைக்ரோசாப்ட் நிறுவனத்திடமிருந்தும் பெற்றது. பிறர் துணைக்கருவிகள் செய்ய ஏதுவாகக் கணினியின் அமைப்பு விவரங்களையும் நூலாக வெளியிட்டது.

1984ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள், ஆப்பிள் நிறுவனம் 2,495 டாலர் விலையில் 'மெக்கிண்டாஷ்' கணினியை வெளியிட்டது. இவ்வாறு, ஐ.பி.எம். வகை ஒருபுறமும் மெக்கிண்டாஷ் மறுபுறமுமாக இரு கட்சிகள் எழுந்தன.

மெக்கிண்டாஷ் கட்சியாரின் வாதம்

"எங்கள் கணினியைப் பயன்படுத்தக் கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. ஐ.பி.எம். கணினியில் ஒரு கோப்பினை அழிக்க, அதற்குரிய கட்டளையைப் பிழையின்றித் தட்டெழுத வேண்டும். மெக்கிண்டாஷில் சுட்டெலியால் அக்கோப்பின் படத்தை இழுத்துக் குப்பைத் தொட்டியின் படத்தில் இட்டால் போதும். சிறு குழந்தையும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம்.

"அஃதன்றியும், கணினியையும் அதன் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் உருவாக்குவதால், ஒன்றற்கொன்று இயைந்து நடக்கின்றன. 1985ஆம் ஆண்டில் லேசர் அச்சுப்பொறியும் 'பேஜ்மேக்கர்' மென்பொருளும் மெக்கிண்டாஷோடு சேர்ந்தபோது, ஒரு மேசையில் அமர்ந்தபடியே இதழ் ஒன்றின் பக்கங்களை அமைக்கும் நிலை பிறந்தது. அச்சுத் தொழிலின் போக்கையே மாற்றியது எங்கள் கணினி" என்பது இக்கட்சியாரின் வாதமாகும்.

எதிர்க்கட்சியாரின் வாதம்

"எளிமை நல்லதே. ஆயினும், அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன? முதல் மெக்கிண்டாஷில் கூடுதல் அட்டைகளைச் செருக இடமே இல்லை. பெட்டியைத் திறப்பதற்கும் தனிவகைத் திருப்புளி தேவைப்பட்டது. எங்கள் கணினியிலோ அவ்வகை அட்டைகளுக்கு ஐந்து செருகிடங்கள் இருந்தன. வேண்டிய உறுப்பை வேண்டியபோது சேர்த்துக்கொள்ளலாம். பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம்.

"மேலும், எங்கள் வகையைப் பல நிறுவனங்கள் செய்தன. ஐ.பி.எம். கணினியில் பிறர் படியெடுக்க இயலாதவாறு உரிமை காக்கப்பட்டது 'பயாஸ்' என்னும் அடிப்படை நிரல் ஒன்றே. காம்பேக் என்னும் நிறுவனம் அதற்கும் நேர்மையான வழி கண்டது. ஒரு குழுவினர் அந்நிரல் என்னென்ன பணிகளைச் செய்கிறது என்று ஆராய்ந்து பட்டியலிட்டனர். அந்நிரலைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழுவினர், அப்பட்டியலை மட்டும் கொண்டு புதிய நிரல் ஒன்றைத் தாமே எழுதினர். அதனைக் கொண்டு செய்யப்பட்ட கணினி 1983இல் விற்பனைக்கு வந்தது. பின்னர்ப் பற்பல நிறுவனங்கள் இத்துறையில் புகுந்தன, போட்டி வளர்ந்தது, விலை குறைந்தது. எளியவர் இல்லத்திற்கும் கணினி வர வழி வகுத்தது எங்கள் வகையே அன்றோ?" என்பது இவர்களது வாதமாகும்.

இரு வாதங்களையும் சீர்தூக்கல்

இரு கட்சியாரின் கூற்றிலும் உண்மை உண்டு, மிகைக்கூற்றும் உண்டு.

சுட்டெலியும் படங்களும் ஆப்பிள் நிறுவனத்தாரின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. டக்ளஸ் எங்கெல்பர்ட் என்னும் அறிஞர் 1968ஆம் ஆண்டிலேயே சுட்டெலியைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். படங்கள் நிறைந்த திரையை 1973இல் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் 'ஆல்ட்டோ' என்னும் கணினியில் அமைத்திருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனமும் அவ்வழியே நடந்து, 1985இல் விண்டோஸ் முறையை வெளியிட்டது; 1995இல் வந்த விண்டோஸ் 95 அதனை உலகெங்கும் பரப்பியது. இவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றே அனைவரும் வளர்ந்தனர்.

"எங்கள் வகைக்கு நச்சுநிரல் வாராது" என்று ஆப்பிள் கணினியர் சிலர் பெருமை பேசுவதுண்டு. ஆனால், 1982ஆம் ஆண்டில் 15 வயது மாணவர் ஒருவர் விளையாட்டாக எழுதிய 'எல்க் குளோனர்' என்னும் நச்சுநிரல் பரவியது ஆப்பிள் 2 கணினிகளிலேயாம். ஐ.பி.எம். வகையைத் தாக்கிய 'பிரெயின்' நச்சுநிரல் வந்தது 1986இல். கவனக்குறைவாகப் பயன்படுத்தினால் எக்கணினிக்கும் கேடு வரும் என்பதே இதன் பாடம்.

பகைவர் என்று நாம் எண்ணும் இவர்கள் வேண்டியபோது கைகோக்கவும் செய்தனர். 1997இல் ஆப்பிள் நிறுவனம் நலிவுற்றிருந்தபோது, மைக்ரோசாப்ட் நிறுவனம் 15 கோடி டாலரை அதில் முதலீடு செய்தது. 2006ஆம் ஆண்டு முதல் மெக்கிண்டாஷ் கணினிகளிலும் இன்டெல் சில்லுகளே இடம்பெறலாயின. 2020இல்தான் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியது. நிறுவனத்தார் கைகுலுக்கிக்கொள்ள, மாணவர்களாகிய நாம் அவர்கள் பொருட்டுச் சண்டையிட்டுக்கொள்வது நகைப்புக்குரியதன்றோ?

நம் தமிழ் எழுத்து தந்த பாடம்

இவ்வழக்கில் தமிழராகிய நமக்கு வேறோர் அனுபவமும் உண்டு. 1985ஆம் ஆண்டில் மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்கள் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பிற நாடுகளிலும் பலர் தத்தம் முயற்சியால் தமிழ் எழுத்துருக்களை அமைத்தனர். ஆனால், எழுத்துகளுக்கு ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்களைக் குறியீடாக இட்டனர். ஆதலால், ஒரு கணினியில் எழுதிய தமிழ்க் கடிதம், அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. இரண்டும் ஒரே வகைக் கணினியாக இருந்தாலும் இதே நிலைதான்.

இக்குறையைத் தீர்த்தது ஒருங்குறி என்னும் உலகப் பொதுமுறையாகும். 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. அம்முறையில் 'அ' என்னும் எழுத்தின் எண் 2949. 'க' என்னும் எழுத்தின் எண் 2965. விண்டோஸ் ஆயினும், மெக்கிண்டாஷ் ஆயினும், கைப்பேசி ஆயினும் அவ்வெண் மாறுவதில்லை. எனவேதான், நாம் இங்கு எழுதும் மடலைப் பிற நாட்டில் வாழும் நம் உறவினர் எந்தக் கருவியிலும் படிக்க முடிகிறது. போட்டியால் விலை குறைந்தது உண்மை. பொதுமையால் நம் மொழி வாழ்ந்தது அதனினும் பெரிய உண்மை.

நம் முடிவு

தோட்டத்தில் பணிபுரியும் பெற்றோர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. குட்டையான செம்பனையில் குலை வெட்ட உளி போதும். நெடிதுயர்ந்த மரத்திற்கோ நீண்ட கழியில் பொருத்திய அரிவாள் வேண்டும். உளி சிறந்ததா, அரிவாள் சிறந்ததா என்று எவரேனும் கேட்டால், "எந்த மரத்திற்கு?" என்றே நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். கணினியும் அவ்வாறே.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை ஐந்து:

1. பிள்ளை அதில் செய்யவிருக்கும் வேலை யாது?
2. பள்ளியில் பயன்படும் மென்பொருள் அதில் இயங்குமா?
3. பழுதானால் அருகிலுள்ள ஊரில் சரிசெய்ய ஆள் உண்டா? செலவு எவ்வளவு?
4. அதன் இயங்குதளத்திற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்?
5. தமிழில் எழுதவும் படிக்கவும் எளிதாக இருக்குமா?

பழைய கணினி வாங்குவோர் நான்காவது கேள்வியை மறத்தலாகாது. விண்டோஸ் 10 முறைமைக்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அத்தகைய கணினியை வீசி எறிய வேண்டும் என்பதில்லை. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் மேசைக் கணினியில் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை விலையின்றிப் பெற்று, பழைய கணினிகள் பலவற்றில் இயக்கலாம். விலை மிகுந்ததே சிறந்தது என்பதும் பொருந்தாது. 2012ஆம் ஆண்டில் பிரிட்டனில், மாணவர் நிரலெழுதப் பழகுவதற்கென்றே 35 டாலர் விலையில் 'ராஸ்பெரி பை' என்னும் கையளவுக் கணினி வெளிவந்தது.

மாணவச் செல்வங்களே! நண்பனின் கணினி பழையது என்று எள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் கணினி இல்லையே என்று மனம் குன்றாதீர்கள். முதல் மெக்கிண்டாஷின் நினைவகம் 128 கிலோபைட்டு மட்டுமே. இன்று நம் வீட்டிலுள்ள சாதாரணக் கைப்பேசியின் நினைவகம் அதனினும் பல்லாயிரம் மடங்கு பெரிது. அச்சிறு நினைவகத்தைக் கொண்டே அன்றையோர் அரிய செயல்களைச் செய்தனர். கருவி எதுவாயினும், அதனை இயக்கும் அறிவும் முயற்சியும் நம்முடையவை. பள்ளிக் கணினிக் கூடத்தில் கிடைக்கும் அரை மணி நேரத்தையும் வீணாக்காமல் பயில்வோம். நாம் கற்றதை இல்லாதாரோடு பகிர்ந்துகொள்வோம். அவ்வாறு பயன்படும் கணினியே சிறந்த கணினி என்பது நம் முடிவாகும்.